கைவிளக்கின் அடிமூடி



நாள்தோறும் கையாளும் வீட்டுப் பொருள்களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எவ்வாறு மாறியது என்பதைச் சொல்ல வேண்டுமானால், 1974-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து இரவு ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்போது நான் கல்லூரி மாணவன். பௌதிகமே என் சிறப்புப் பாடம். தீபாவளி விடுமுறைக்காகத் திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஒரு சிற்றூரில் இருந்த என் தாய்மாமன் வீட்டுக்குச் சென்றிருந்தேன். மூன்று நாள் விடாமழை. நட்டு இருபது நாள்கூட ஆகாத சம்பாப் பயிர் தண்ணீரில் முழுகிக் கிடந்தது. வடிகால் மடையைத் திறந்துவிடாமல் இன்னும் ஓரிரு நாள் கடந்தால் பயிர் அழுகிவிடும். ஆகவே இரவு பத்து மணிக்கு மாமா ஒரு சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் வைத்துப் புறப்பட்டார். வீட்டிலிருந்த மூன்று கட்டை டார்ச் விளக்கை ஏந்திக்கொண்டு நானும் உடன் சென்றேன். மின்கலத்தைக் 'கட்டை' என்று சொல்வதுதான் எங்கள் ஊர் வழக்கம். ஒரு விளக்கின் பெருமை அது எத்தனை கட்டை விளக்கு என்பதைப் பொறுத்தது.

மடையைத் திறந்தாயிற்று. திரும்பும்போது பாதி வழியில் விளக்கு அணைந்தது. கட்டைகள் அன்று காலையிலேதான் வாங்கிப் போட்டவை. ஆகவே பல்பின் இழைதான் அறுந்திருக்க வேண்டும் என்று, பௌதிக மாணவனாகிய நான், மழையில் நின்றவாறே மாமாவுக்கு விளக்கிக் கூறினேன். விளக்கம் சரியானதுதான், விளக்குத்தான் எரியவில்லை. "போகட்டும் மாப்பிள்ளை, இந்த வரப்பு எனக்குத் தெரியாததா?" என்று சொல்லி மாமா முன்னே நடந்தார். இருபது அடிகூடச் சென்றிருக்க மாட்டோம். நண்டு வளைகளால் உள்ளே குடைந்து போயிருந்த வரப்பு அவர் காலடியில் இடிந்தது. அருகிலிருந்த மதகுக் கல்லின் மேல் அவர் விழுந்தார். கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது.

அந்த இருளில் தட்டுத்தடுமாறி நான் ஊருக்குள் சென்று, நான்கு பேரையும் ஒரு கயிற்றுக் கட்டிலையும் கொண்டுவருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அதுவரை அவர் மழையிலே கிடந்தார். முறிந்த எலும்பு கோணலாகக் கூடியது. அதன்பின் மாமா வயலில் இறங்கவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

பதினோர் ஆண்டுகள் சென்றன. 1985-இல், பள்ளி ஆசிரியனாகிவிட்ட நான், மாமா வீட்டுப் பரணை ஒழுங்கு செய்துகொண்டிருந்தபோது அந்த விளக்கு அகப்பட்டது. அந்த இரவுக்குப்பின் அதை யாரும் தொடவில்லை போலும். உள்ளே இருந்த கட்டைகள் கசிந்து, அடிமூடி பச்சைக் களிம்பேறி இறுகியிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, துணியால் சுற்றித் திருகினேன். மூடி கழன்றது. அதன் உட்புறத்தில், கட்டையைத் தாங்கும் சுருள்வில்லின் நடுவே, ஒரு சிறிய பித்தளைக் குமிழ் தெரிந்தது. களிம்பைச் சுரண்டுவதற்காக அதை அசைத்தேன். அது கையோடு வந்துவிட்டது. அது ஒரு பல்பு. விளக்கைச் செய்தவர்கள், ஒன்று போனால் மற்றொன்று உதவட்டும் என்று அங்கே செருகி வைத்த மாற்றுப் பல்பு. கண்ணாடிப் பக்கம் மூடிக்குள் புதைந்திருக்க, அடிப்பக்கம் மட்டும் வெளியே தெரியும்படி அது அமைந்திருந்தது.

அதை நான் முன்பு பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. கட்டை மாற்றும்போதெல்லாம் அந்த மூடியைக் கழற்றியிருக்கிறேன். பல முறை அந்தக் குமிழ் என் கண்ணில் பட்டிருக்கிறது. சுருள்வில்லைத் தாங்கும் ஏதோ ஒரு முளை என்று, சரியாகச் சொன்னால் அதுகூட எண்ணாமல், கடந்து போயிருக்கிறேன். புதிய கட்டைகளை வேறொரு விளக்கில் இட்டு அந்தப் பல்பைத் திருகிப் பார்த்தேன். எரிந்தது.

அன்று முதல் எனக்கு ஒரு வழக்கம் உண்டாயிற்று. ஒரு கருவி கைக்கு வந்தால், அதை அப்போதுதான் முதன்முதலாகக் காண்பவனைப்போல் அடிமுதல் நுனிவரை பார்ப்பேன். இதில் ஐயமுறும் பகுதி எதுவும் இருந்தால், 'இது ஏன் இங்கே இருக்கிறது?' என்று கேட்பேன். அந்தக் கேள்வியை முதலில் அதே விளக்கிடமே கேட்டேன்.

அதன் விசையில் முன்னும் பின்னும் தள்ளும் பகுதி ஒன்றும், அதன் நடுவே ஒரு சிறு பொத்தானும் இருந்தன. தள்ளினால் விளக்கு நிலையாக எரியும். பொத்தானை அழுத்தினால் அழுத்தியிருக்கும் அளவும் எரிந்து, விரலை எடுத்தவுடன் அணையும். எங்கள் வீட்டில் பொத்தானைப் பயன்படுத்தியவர்கள் குழந்தைகள் மட்டுமே. அவர்களும் சுவரில் ஒளியைத் துள்ள வைத்து விளையாடத்தான். ஆயினும் வரலாற்றைப் பார்த்தால் அந்தப் பொத்தானே மூத்தது. நியூயார்க்கில் வாழ்ந்த டேவிட் மிஸ்ஸெல் என்பவர் 1899-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் கைவிளக்குக்கான அமெரிக்கக் காப்புரிமையைப் பெற்றார். காகிதக் குழாய்க்குள் மின்கலங்களை வரிசையாக அடுக்கி, ஒரு முனையில் பல்பையும் அதன் பின்னே ஒளியைத் திருப்பும் கிண்ணத்தையும் வைத்திருந்தார். அக்காலத்து மின்கலங்களுக்கு நெடுநேரம் மின்சாரம் தரும் ஆற்றல் இல்லை. கரி இழைப் பல்புகளோ ஒளி குறைந்தவை. எனவே விளக்கைச் சில நொடிகள் ஏற்றி அணைத்து, மீண்டும் ஏற்ற வேண்டியிருந்தது. அமெரிக்கர் அதற்கு 'ஃபிளாஷ் லைட்', அதாவது பளிச்சிடும் விளக்கு, என்று பெயரிட்டதற்கு இதுவே காரணம். பிரிட்டிஷார் தீப்பந்தத்தின் பெயராகிய 'டார்ச்' என்பதையே இதற்கும் வைத்தார்கள். அது நமக்கும் வந்து சேர்ந்தது. பெயரோடு சேர்ந்து வரவேண்டிய குறிப்பு வழியிலே தங்கிவிட்டது.

விட்டுவிட்டு எரித்தால் கட்டை நெடுநாள் உழைக்கும் என்பது வெறும் சிக்கன உபதேசம் அன்று. அதில் ரசாயனம் இருக்கிறது. 1866-இல் பிரான்சு நாட்டு லெக்லாஞ்சே அமைத்த மின்கலமும், 1886-இல் ஜெர்மானியராகிய காஸ்னர் காப்புரிமை பெற்ற உலர்ந்த மின்கலமும் இதற்கு மூதாதையர். துத்தநாகக் குவளை ஒரு மின்வாய். நடுவிலுள்ள கரிக்கோல் மற்றொன்று. குவளைக்குள் நவச்சாரம் கலந்த பசை. கரிக்கோலைச் சுற்றி மாங்கனீசு டை ஆக்சைடும் கரித்தூளும். மின்சாரம் ஓடும்போது கரிக்கோலின் புறத்தே வேதி விளைபொருள்கள் சேர்ந்து ஓட்டத்தைத் தடுக்கின்றன. அத்தடையை நீக்குவது மாங்கனீசு டை ஆக்சைடின் வேலை. ஆனால் அது மெல்ல வேலை செய்யும் பணியாள். தொடர்ந்து எரித்தால் தடை சேரும் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது, ஒளி மங்கும். சிறிது ஓய்வு தந்தால் தன் வேலையை முடித்துக்கொள்ளும், ஒளி மீளும். மங்கிய கட்டைகளை எடுத்துச் சற்று நேரம் வெயிலில் வைத்துவிட்டு, "உயிர் வந்துவிட்டது" என்று மகிழ்வது எங்கள் வீட்டு வழக்கம். வெயிலின் வெப்பமும் சிறிது உதவியிருக்கும். ஆனால் ஓய்வு செய்த வேலைக்கும் சேர்த்து நாங்கள் வெயிலையே புகழ்ந்துகொண்டிருந்தோம். வரப்பில் நடப்பவன் பத்தடிக்கு ஒருமுறை பொத்தானை அழுத்தி வழியைப் பார்த்துக்கொண்டால் போதும். அதற்காகவே அது அங்கே இருந்தது.

இன்னொன்று. சில விளக்குகளில் முகப்பு விளிம்பு நேராக இராமல் அலை அலையாக வெட்டப்பட்டிருக்கும். அழகுக்கு என்று நினைப்போம். அத்தகைய விளக்கைத் தலைகீழாக மேசைமேல் நிறுத்தினால், அணைக்க மறந்திருக்கும்போது அந்த இடைவெளிகளின் வழியே ஒளி கசிந்து நம்மை எச்சரிக்கும். மாமாவின் விளக்கும் அவ்வகையே. அவர் முகப்புக் கண்ணாடி கீறக்கூடாதென்று அதை மடித்த துண்டின்மேல் கவிழ்த்து வைப்பார். அலைகள் துணியில் புதைந்துவிடும். விடிந்து பார்த்தால் கட்டைகள் தீர்ந்திருக்கும். துண்டு இல்லாமல் வைத்திருந்தால் ஆண்டுக்கு எத்தனை கட்டைகள் மிஞ்சியிருக்கும் என்று கணக்கிட எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு நேரம் என் குடும்பத்தின் கதையைச் சொன்னேன். இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரிய குறை அன்று. அமெரிக்க உளவியல் அறிஞர்களாகிய நிக்கர்சனும் ஆடம்ஸும் 1979-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அந்நாட்டு ஒரு சென்ட் நாணயத்தை நினைவிலிருந்து வரையுமாறு அந்நாட்டு மக்களிடமே கேட்டார்கள். வாழ்நாளெல்லாம் கையில் புழங்கிய காசுதான்; ஆயினும் அதிலுள்ள எட்டு அடையாளங்களில் பாதியைக்கூட உரிய இடத்தில் சரியாக வரையப் பெரும்பாலோரால் இயலவில்லை. இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெபெக்கா லாசன் 2006-இல் சைக்கிளைக் கொண்டு இவ்வாறே சோதித்தார். பலர் சங்கிலியை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்குமாகச் சுற்றிப் போட்டார்கள். அத்தகைய சைக்கிளைத் திருப்ப முடியாது என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

இதைப் படித்தபின் என் வகுப்பில் நாற்பது மாணவர்களுக்கு அதே வேலையைக் கொடுத்தேன். அவர்களுள் பெரும்பாலோர் சைக்கிளில் பள்ளிக்கு வருபவர்கள். வந்த படங்களில் சிலவற்றைப் பார்த்தபோது, அவர்கள் அன்றாடம் எப்படி உயிரோடு வந்து சேர்கிறார்கள் என்று வியந்தேன். ஒரு பையன் மட்டும் சங்கிலியின் பல்வரை துல்லியமாக வரைந்திருந்தான். அவன் தந்தை சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். கழற்றிப் பூட்டிய கைக்குத் தெரிவது, ஏறி மிதித்த காலுக்குத் தெரியவில்லை.

இதற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலான கருவிகள் நமக்கு நூலின் வழியே வருவதில்லை. மூத்தோர் கையிலிருந்து வருகின்றன. 'இதை முன்னே தள்ளினால் எரியும்' என்று சொல்லித் தந்தை மகனிடம் கொடுக்கிறார். அவர் அறிந்தது மகனுக்குச் சேர்கிறது; அறியாததும் அதனோடு சேர்ந்தே போகிறது. கருவியும் முதல் வேலையைச் செய்துவிடுகிறது. குறை எதுவும் தெரியாதபோது யார் ஆராயப் போகிறார்கள்?

எங்கள் வீட்டு அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு புறமும் மேலிருந்து கீழாக இரண்டு குழாய்கள் வளைந்து இறங்கும். அவை கண்ணாடிக் கூண்டைக் காக்கும் கைகள் என்றே என் அன்னை முதல் அனைவரும் எண்ணியிருந்தோம். உண்மையில் அவை அந்த விளக்கின் மூச்சுக்குழாய்கள். மேற்கூட்டின் வழியே நுழையும் காற்று அவற்றில் இறங்கித் திரியின் அடிக்குச் சென்று சுடரை வளர்க்கிறது. வெளியே வீசும் காற்று நேரே சுடரைத் தாக்காமல் சுற்றுவழியாக வருவதால்தான், மற்ற விளக்குகள் அணைந்துவிடும் காற்றிலும் அது நின்று எரிகிறது. ஜான் இர்வின் என்னும் அமெரிக்கர் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். எங்கள் விளக்கில் ஒரு குழாய் எப்போதோ கீழே விழுந்து நசுங்கியிருந்தது. "கைதானே, போகட்டும்" என்று விட்டுவிட்டோம். அது முதல் நாள்தோறும் கண்ணாடி கரிபிடித்தது. அன்னை நாள்தோறும் சாம்பலிட்டுத் துடைத்தார். மண்ணெண்ணெயில் கலப்படம் என்று கடைக்காரரை வைதார். அந்தக் கடைக்காரர் இன்று இல்லை. இருந்தால் எங்கள் குடும்பத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்.

அன்னையைப் பற்றிச் சொன்னவன் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளக்கின் பாடத்தைக் கற்று அதிகப்படியான ஊக்கத்தோடு இருந்த காலத்தில், எஃகு அளவுநாடா ஒன்று வாங்கினேன். அதன் நுனியில் ஒரு கொக்கி. அது சிறிது முன்னும் பின்னும் ஆடியது. 'அளக்கும் கருவியின் முனையே ஆடலாமா?' என்று கருதி, சுத்தியால் ஆணியை அடித்து இறுக்கிவிட்டேன். பின்பு அலமாரி செய்ய வந்த ஆசாரி அந்த நாடாவை வாங்கி இழுத்துப் பார்த்து, "ஐயா, இதை யார் இப்படி அறைந்தது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, பொறுமையாக விளக்கினார். பலகையின் விளிம்பில் கொக்கியை மாட்டி இழுத்து அளக்கும்போது, அளவு கொக்கியின் உட்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். பெட்டிக்குள்ளே சுவரில் முட்டி அளக்கும்போது வெளிப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு கொக்கியின் தடிப்பு. இழுத்தால் அவ்வளவு வெளியே வந்து, தள்ளினால் அவ்வளவு உள்ளே போகும்படி அதை ஆடவிட்டிருக்கிறார்கள். குறை என்று நான் திருத்தியதுதான் அந்த நாடாவின் அறிவு.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கருவியில் உள்ள எல்லா மேடுபள்ளமும் பொருளுடையது என்று எண்ணிவிட வேண்டா. பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் அடியில் ஓடிய மெல்லிய வரியின் பயன் என்னவென்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் சிந்தித்தேன். அது வார்ப்பு அச்சின் இரு பாதிகள் கூடிய தழும்பு. அதற்கு ஒரு பயனும் இல்லை.

உங்கள் தலைமுறையினரின் கையில் இத்தகைய விளக்குகள் அருகிவிட்டன என்பதை அறிவேன். எல்.இ.டி. வந்தபின் மாற்றுப் பல்புக்குத் தேவையே இல்லாமற் போயிற்று. கைபேசியே பலருக்குக் கைவிளக்காகவும் இருக்கிறது. சரி, அந்தக் கைபேசியைப் பற்றி ஒரு கேள்வி. ஆபத்து நேரத்தில் எண்களைத் தேடி அழுத்த அவகாசமில்லாதபோது உதவி கேட்க, அதில் ஒரு வழி அமைந்திருக்க வேண்டும் என்று இந்திய அரசு 2016-இல் விதி வகுத்தது. பொத்தான்கள் உள்ள எளிய கைபேசியில் 5 அல்லது 9 என்னும் எண்ணை நெடுநேரம் அழுத்துவது. தொடுதிரைக் கைபேசியில் ஏற்றி அணைக்கும் பொத்தானை அடுத்தடுத்து மூன்று முறை அழுத்துவது என்று அந்த விதி கூறுகிறது. அழைப்பு 112 என்னும் அவசர உதவி எண்ணுக்குச் செல்லும். உங்கள் கைபேசியில் அது எவ்வாறு அமைந்துள்ளது, எத்தனை முறை அழுத்த வேண்டும் என்பதை அமைப்புப் பக்கத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அழுத்திச் சோதிக்க வேண்டா. உண்மையாகவே அழைப்புப் போய்விடும். உங்கள் வீட்டில் தனியே இருக்கும் பாட்டிக்கும் அதைக் காட்டிக்கொடுங்கள். நான் ஒருமுறை கல்லூரி மாணவர்கள் நிறைந்த அரங்கில் இதைக் கேட்டபோது, உயர்ந்த கைகளை ஒரு கைவிரல்களால் எண்ணிவிட முடிந்தது.

மாமாவிடம் அந்தப் பல்பைப் பற்றிச் சொல்வதா, வேண்டாவா என்று எனக்குச் சில நாள் குழப்பமாக இருந்தது. சொல்லி என்ன பயன்? கால் நேராகப் போவதில்லை. சொல்லாமலிருந்தால் அவரைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் குறுகுறுக்கும். இறுதியில் ஒரு மாலை, திண்ணையில் அமர்ந்திருந்த அவர் உள்ளங்கையில் பல்பை வைத்து, அது இருந்த இடத்தைச் சொன்னேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்றைக்கும் இது உள்ளேயே இருந்ததா?" என்று கேட்டார்.

"இருந்தது, மாமா. பௌதிகம் படித்துக்கொண்டிருந்த நான் பார்த்திருக்க வேண்டும்."

மாமா சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "நீ என்ன செய்வாய், மாப்பிள்ளை? வாங்கின அன்று கடைக்காரர் மூடியைக் கழற்றி எதையோ காட்டிக்கொண்டுதான் இருந்தார். நான் விலையில் எட்டணா குறைப்பதிலேயே குறியாக இருந்தேன். குறைத்தும்விட்டேன்."

அந்தப் பல்பை அவர் திருப்பித் தரவில்லை. வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு, கைத்தடியை ஊன்றி எழுந்து, சாப்பிட வருமாறு என்னை அழைத்தார்.